கொடுமணல் போன ஞாயிறு

இத்தாலிக்குக் கூட்டிப்போகிறேன் என்றவர்
கொடுமணலுக்குக் கூட்டிவந்தார்.
கார் ஏறும்போதே சொல்லிவிட்டேன்:
புளிசாதம் என் பொறுப்பு,
சரித்திரம் உங்கள் பொறுப்பு.

மூன்று வருஷம் முன்பு
பையரைப் பார்க்க நேப்பிள்ஸ் போனவர்
அரை நாள் ஒழித்துக்கொண்டு
எரிமலை மூடிய ஊரைப் பார்த்துவிட்டு வந்தார்.
அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில்
அந்த ஊர் ஐந்தாவது ஆள்.
அடுப்பிலேயே கரியான ரொட்டி,
எட்டாய்க் கீறிய கீறல்கூட அழியவில்லை.
கட்டிப்போட்ட நாய், முறுக்கிக்கொண்டு.
முகத்தைப் பொத்தி உட்கார்ந்த ஒருவன்.
எல்லாம் போனில் இருக்கிறது.
ரித்விக்குக்கு நாய் மனப்பாடம்.

அடுத்த வருஷம் நாமெல்லாரும் என்றார்.
அடுத்த வருஷம்
மூன்று கண்டெய்னர் பனியனை இறக்கிக்கொண்டு
பையர் கம்பெனிப் பெயரை மாற்றிக்கொண்டான்.
நான்கு பாஸ்போர்ட்டும் பீரோவில்
பட்டுச்சேலைக்கு அடியில்
பூச்சியுருண்டை வாசத்தோடு கிடக்கின்றன.

வழியில் ரித்விக் கேட்டான்:
"சென்னிமலை வெடிக்குமாப்பா?"
"அங்க முருகன் இருக்காரு. வெடிக்காது."
"அந்த ஊர்லயும் சாமி இருந்துச்சுல்ல?"
அவர் ஏசியைக் கூட்டினார்.

நொய்யலைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம்.
அதில் எங்கள் சாயமும் ஒரு பங்கு ஓடியிருக்கும்.
யாரும் பேசவில்லை.

போய் இறங்கினால்
குழி இல்லை, சுவர் இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை.
கிளுவை வேலி. அறுத்துப்போட்ட சோளத்தட்டு.
சேலைமேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒருத்தி
ஆடு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"குழிங்களா?
அளந்தாங், படம் புடிச்சாங்,
எடுக்கறத எடுத்துக்கிட்டு மூடிட்டாங்.
நானுந்தான் கூடை தூக்குனனுங்.
இப்ப நீங்க நிக்கறதுதானுங் ஒண்ணு."

நான்கு பேரும் ஒரே நேரத்தில்
காலைத் தூக்கினோம்,
தூங்குகிற யாரையோ மிதித்துவிட்டதுபோல.

அங்கே எரிமலை மூடியதைத் தோண்டி வைத்திருக்கிறார்கள்.
இங்கே தோண்டியதை மூடி வைத்திருக்கிறார்கள்.
"அதுதான் பத்திரம்" என்றார் சிவராசு,
பீரோச் சாவியைப் பற்றிப் பேசுகிற குரலில்.

பிறகு வெறும் காட்டைக் கையால் காட்டிக்காட்டிச் சொன்னார்:
இங்கே இரும்பு உருக்கினார்கள்.
அக்கட்டக் கல்லறுத்து, ஊசிமுனையில் துளை போட்டு
மணி கோத்தார்கள்.
சட்டிபானையில்கூடப் பெயர் கீறி வைத்தார்கள்.
எல்லாம் மேற்கே போய்க் கப்பலேறி ரோமாபுரிக்கு.
அங்கிருந்து காசு.

நான் கேட்டேன்:
"கையில குடுத்தானா,
இல்ல தொண்ணூறு நாள் தவணையா?"

பையர் விஷயத்தில் அவர் சிரித்து
எத்தனை மாதம் ஆயிற்று என்று
நான் கணக்கு வைத்திருக்கவில்லை.
சோளத்தட்டில் உட்கார்ந்து சிரித்தார்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.
ஆட்டுக்காரிக்கு விளங்கவில்லை, அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் மிதுலாவின் கைமணி அறுந்தது.

சென்னிமலைத் தேர்க்கடையில் எழுபது ரூபாய்.
ஒரு மணிக்கு ஓர் ஆங்கில எழுத்தாக
அவள் பெயர்.
ஐந்து பேரும் முட்டி போட்டுத் தேடினோம்.
ஏ கிடைத்தது. எம் கிடைத்தது.
யு-வை ஒரு ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விட்டது.
ஐ, டி, ரித்விக் கண்டுபிடித்தான்.
ஹெச்சும் எல்லும் இல்லை.

"கெடக்கட்டும் சாமி," என்றாள் ஆட்டுக்காரி,
"மறுக்காத் தோண்ட வருவாங்."
அதற்கு மிதுலா இன்னும் சத்தமாக அழுதாள்.

புளிசாதத்தைக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம்.
மிச்சமிருந்த ஐந்து எழுத்தைக் கூட்டி
ரித்விக் திருப்பூர் வரைக்கும்
தங்கச்சியைப் புதுப்பெயரில் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.
ஊத்துக்குளி தாண்டியதும்
அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

இரவு, எல்லோரும் படுத்தபிறகு
பொடக்காலியில் விளக்கைப் போட்டு
நான்கு ஜோடிச் செருப்பையும் தட்டினேன்.
மண் விழுந்தது.
ஒரு சோளத்தட்டுச் சருகு.
குனிந்து விரலால் கிளறிப் பார்த்தேன்.
எல் இல்லை.